கினி பிக் கூண்டில் என்ன விரிப்பது? உமியும் மரத்தூளும் வேண்டாமே!

சம்பா அறுவடை முடிந்த கையோடு சேத்தியாத்தோப்பு பக்கம் போனால் களமெங்கும் வைக்கோல் போர். ரைஸ் மில்லில் உமி, மரக்கடையில் மரத்தூள், எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற ஊர் என்பதால் கரும்புச் சக்கைக்கும் பஞ்சமில்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு ஜோடி கினி பிக் வாங்கி வருபவர்கள், கூண்டில் எதை விரிப்பது என்று யோசிக்கவே மாட்டார்கள். அதுதான் சாக்கு சாக்காகக் கிடைக்கிறதே! சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெயரில் ‘பிக்’ இருந்தாலும் இது பன்றி அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட கொறிக்கும் பிராணி. வளர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ எடை. அதைத் தாங்கும் பாதத்தின் அடியில் முடி கிடையாது. நாள் முழுக்கத் தரையோடு தரையாகவே நடமாட்டம் என்பதால், விரிப்பிலிருந்து கிளம்பும் தூசியும் சிறுநீரின் அமோனியா நெடியும் நேராக மூக்கில் ஏறும்.

உமி சொரசொரப்பானது, ஈரத்தை உறிஞ்சாது. மரத்தூளில் எந்தெந்த மரம் கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பைன், தேவதாரு போன்ற வாசனை மரங்களின் தூள் மூச்சுக்குழாயை எரிச்சலாக்கும். பிளைவுட் தூளில் பசை வேறு. கரும்புச் சக்கை நனைந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். பூஞ்சை பிடித்த சக்கைத் தூசியைச் சுவாசித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு வந்த நுரையீரல் நோய்க்கு ‘பகாசோசிஸ்’ என்று தனிப்பெயரே உண்டு. மனிதருக்கே இந்தக் கதி என்றால் ஒரு கிலோ உயிர் என்ன செய்யும்? மாட்டுக்கு நல்லதான வைக்கோலும் இதற்கு ஆகாது. விறைப்பான தாள் கண்ணைக் குத்திவிடும். பறவைக் கூண்டு மாதிரி வெறும் கம்பி வலைத் தரையென்றால் பாதம் சிவந்து, வீங்கி, புண்ணாகிவிடும்.

நல்ல விரிப்பு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அடியில் ஏழெட்டு அடுக்கு செய்தித்தாள், அதன்மேல் பழைய ஃபிளீஸ் போர்வை. இரண்டு மூன்று முறை துவைத்த ஃபிளீஸ் ஈரத்தைக் கீழே இறக்கிவிட்டு மேலே உலர்ந்தே இருக்கும். நூல் பிரிந்த துண்டு கூடாது. விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுவிடும். புழுக்கையைத் தினமும் கூட்டி எடுத்து, நனைந்த தாளை மாற்ற வேண்டும். மூன்று, நான்கு நாளுக்கொரு முறை போர்வையைத் துவைத்து வெயிலில் காயப்போடலாம். கம்ஃபர்ட் போன்ற வாசனைத் திரவம் வேண்டாம். துணி ஈரத்தை விடாது. ஒரு மூலையில் நன்றாகக் காய்ந்த புல் போட்டால் படுக்கையும் அதுவே, சாப்பாடும் அதுவே.

கினி பிக் நோயை வெளியே காட்டாது. தும்மல், மூக்கொழுகல், பாதத்தில் சிவப்பு தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். ஒருநாள் சாப்பிடாமல் கிடந்தாலே அவசரம்தான். வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலினைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது இந்தப் பிராணியின் உயிரையே பறிக்கக்கூடிய மருந்து.

தண்ணீரைப் பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்தால் கவிழ்த்துவிட்டு விரிப்பையெல்லாம் நனைத்துவிடும். பீங்கானுக்குப் பெயர்போன விருத்தாசலம் பக்கத்தில்தானே? கனமான பீங்கான் கிண்ணம் ஒன்று போதும். கூடவே ஒரு டைல்ஸ் துண்டையும் கூண்டின் மூலையில் போட்டுவையுங்கள். கத்திரி வெயிலில் போர்வையை விட்டுவிட்டு அதன்மேல்தான் போய்ப் படுத்துக்கொள்ளும்.