ஐம்பது பம்புக்குப் பத்து லட்சம்: கையில் மிஞ்சுவது எவ்வளவு?

மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் ஆண்டுக் கொள்முதலில் 25 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும். 2012 ஆணையில் 20 ஆக இருந்த அளவு 2018-இல் 25 ஆனது. அதற்குள் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு. 3 சதவீதம் பெண்களுக்கு. உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும்தான் இந்தச் சலுகை. வாங்கி விற்கும் வியாபாரிக்குக் கிடையாது.

கோவையில் ஒரு சிறு பம்பு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். டெண்டர் 200 பம்புக்கு. ஒரு பெரிய கம்பெனி பம்புக்கு 20,000 ரூபாய் போட்டு முதலிடம் பிடிக்கிறது; பட்டறை போட்டது 22,500. தோற்றுவிட்டோம் என்று பலர் இந்த இடத்தில் கோப்பை மூடிவிடுகிறார்கள். மூடக் கூடாது. முதல் விலைக்கு மேல் 15 சதவீதம் வரை, அதாவது 23,000 வரை, கேட்ட சிறு நிறுவனம் 20,000-க்கு இறங்கி வந்தால், பிரித்து வாங்கக்கூடிய சரக்கில் 25 சதவீதம் அதற்கு உண்டு. 50 பம்பு, வரி நீங்கலாக 10 லட்சம். அந்த வரம்புக்குள் வேறு சிறு நிறுவனங்களும் இருந்தால் இதுவும் பங்காகும்.

ஒரு பம்பின் அடக்கம் 18,000 என்றால் 50-க்கு 9 லட்சம். மேலோட்டமான லாபம் 1 லட்சம். டெண்டர் மதிப்பு 40 லட்சத்துக்கு 2 முதல் 5 சதவீதம் வரை, 80,000 முதல் 2 லட்சம் வரை, கட்டவேண்டிய முன்வைப்புத் தொகையிலிருந்து சிறு நிறுவனத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் ஆர்டர் கிடைத்தபின் செயல்பாட்டு உத்தரவாதம் கொடுத்தே ஆகவேண்டும். 5 சதவீதம் என்றால் 50,000. ஓராண்டு வாரண்டியும் அதன்மேல் 60 நாளும் முடிந்துதான் திரும்பும். பில்லில் ஜிஎஸ்டிக்காக 2 சதவீதம், 20,000, பிடிப்பார்கள். அது வரிக் கணக்கில் வரவாகும், நட்டமில்லை. ஆனால் அந்த மாதம் கூலி கொடுக்க உதவாது.

லாபத்தைத் தின்பது காத்திருப்பு. 9 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி மாதம் 9,000. செய்ய ஒரு மாதம், பணம் வர 45 நாள் என்றால் வட்டி 22,500. லாரி வாடகை 15,000 போனால் மிச்சம் 62,500. பணம் 120 நாள் கழித்து வந்தால் வட்டி 45,000, மிச்சம் 40,000. சரக்கை இரண்டு வாரம் தாமதமாக அனுப்பி, வாரத்துக்கு அரை சதவீதம் அபராதம் விழுந்தால் மிச்சம் 30,000. ஆகவே விலை போடும்போதே நான்கு மாத வட்டியைச் சேர்த்துப் போடுங்கள். அந்த விலை தாங்காத டெண்டரை விட்டுவிடுவதே நல்லது.

45 நாளைத் தாண்டினால், 2006-இன் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி கேட்கலாம். அந்த விகிதம் 6 என்றால் 18 சதவீதம். நம் கணக்கில் 75 நாளுக்கு 37,500-க்குச் சற்று மேல். அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற பயத்தில் பலர் கேட்பதில்லை. அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனாலும் உரிமை நம்முடையது. இந்த நிலுவைத் தகராறுகளை விசாரிக்கும் வசதி மன்றம் உங்கள் பக்கம் தீர்ப்பளித்தால், அதை எதிர்த்து நீதிமன்றம் போகும் நிறுவனம் முதலில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும். சரக்கு இறங்கி 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். 45 நாளும் சரக்கு இறங்கிய அந்த நாளிலிருந்தே எண்ணப்படும் என்பதால், டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்காமல் லாரியைத் திருப்பக் கூடாது.