விட்டு வந்ததால் பிள்ளை போய்விடாது

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடிந்து லைன் வீட்டுக்குத் திரும்பும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அடி தாங்காமல் போன வாரம் கட்டிய புடவையோடு கிளம்பி வந்தவள். நான்கு வயது மகள் மாமியார் வீட்டில். "நீயாத்தானே விட்டுட்டுப் போனே, இனி பிள்ளையை மறந்துடு" என்று போனில் சொல்கிறார்கள். அவளும் நம்பிவிடுகிறாள்.

நம்ப வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் 21-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பாதுகாப்போ செலவுக்குப் பணமோ கேட்டு அவள் போட்ட மனு நடக்கும்போதே, பிள்ளையைத் தற்காலிகமாக அவளிடம் ஒப்படைக்க நடுவர் உத்தரவிடலாம். அதற்குத் தனி வழக்கு தேவையில்லை. தகப்பன் வந்து பார்ப்பது பிள்ளைக்குக் கேடு என்று தெரிந்தால் அதையும் மறுக்கலாம். இந்துக் குடும்பமானால், ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் நாளைக் கடத்தக் கூடாது. கடத்தினால், "பிள்ளை இங்கேயே பழகிடுச்சு" என்ற வாதம் எதிர்த்தரப்பின் கைக்குப் போய்விடும்.

புகுந்த வீடு திண்டிவனத்திலோ ஒடிசாவிலோ இருந்தாலும் அங்கே போய் மனுப் போட வேண்டியதில்லை. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடம், வேலை பார்க்கும் இடம், இரண்டில் எதற்குரிய நடுவர் மன்றமும் மனுவை ஏற்கலாம். 27-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. வெளியூர்க்காரர்கள் நிறைந்த இந்தப் பகுதிக்கென்றே எழுதியது போல எனக்குத் தோன்றும் பிரிவு இது.

முதலில் 181-க்கு போன் செய்யலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் நடந்ததை அறிக்கையாக எழுதி நடுவருக்கு அனுப்புவார். வக்கீலுக்குப் பணமில்லையா? 15100. பெண் என்பதே போதும், சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் வேலை இருக்கிறது. "ஏன் பிள்ளையை விட்டுட்டு வந்தே?" என்று கேட்காதீர்கள், அதை அவளே தினம் நூறு தடவை கேட்டுக்கொள்கிறாள். பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் நகல் எடுக்கக் கூடப் போங்கள். ஓரம் கிழிந்த தடுப்பூசி அட்டையைக்கூட அவள் கைப்பையில் வைத்திருக்கலாம். யார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊசிக்கு அலைந்தார்கள் என்று சொல்ல அதுவும் உதவும். சூப்பர்வைசர்கள் ஹியரிங் நாளில் மட்டுமாவது ஷிப்டை மாற்றிக் கொடுங்கள்.