பனியாறு சுமந்து வந்த கல்

கல் தானாக இடம் பெயருமா? பெயராது என்பீர்கள். நியூட்டனின் முதல் விதியைப் படித்தவர்கள் அல்லவா நீங்கள்! ஆனால், ஊர் விட்டு ஊர் வந்ததாகப் போற்றப்படும் ஒரு கல் வட அமெரிக்காவில் உண்டு.

இன்றைய நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதி, ஒனைடா என்னும் பழங்குடி மக்களின் தாயகம். 'நிற்கும் கல்லின் மக்கள்' என்பதே அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயரின் பொருள். மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டு, நீண்ட மரவீடுகளில் அவர்கள் வாழ்ந்தார்கள். நிலம் வளம் குன்றி, விறகும் அருகிவிட்டால் ஊரையே வேறிடத்துக்கு மாற்றுவார்கள். அப்போதெல்லாம், யாரும் தொடாமலேயே புனிதக் கல்லும் புது ஊருக்கு வந்து சேர்ந்துவிடும் என்பது அவர்களுடைய மரபுக் கதை.

அயலூர்க் கல்

1845-இல் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்னும் ஆய்வாளர் குன்றொன்றின் மேல் ஒனைடாக் கல்லைக் கண்டார். அது சயனைட் வகைப் பாறை என்று குறித்தார். சயனைட், கிரானைட்டைப் போலவே, பாறைக்குழம்பு பூமிக்கடியில் மெல்லக் குளிர்ந்து உருவாவது. அந்த வட்டாரத்தின் அடித்தளமோ சுண்ணாம்புக்கல் போன்ற படிவுப் பாறைகளால் ஆனது. அப்படியானால், அங்கே பிறக்காத கல் அங்கே வந்தது எப்படி?

பனிக்கட்டி ஓடுமா?

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கனடாவின் பெரும்பகுதியையும் நியூயார்க் பகுதியையும் மாபெரும் பனிப்படலம் மூடியிருந்தது. ஒரு கனமீட்டர் பனிக்கட்டியின் நிறை ஏறத்தாழ 900 கிலோகிராம். எனவே 1,000 மீட்டர் தடிமனுள்ள பனியின் அடியில் அழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 90 மடங்கு! தட்டில் குவித்த இட்லி மாவு தன் எடையாலேயே பரவுகிறதல்லவா? அதுபோலப் பனிக்கட்டியும் மிக மெதுவாகப் பரவும். பரவும்போது வடக்கே இருந்த பாறைகளைப் பெயர்த்துச் சுமந்து வந்தது. ஆண்டுக்கு 20 மீட்டர் நகர்ந்ததாக வைத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் கடக்க 5,000 ஆண்டுகள் ஆகும். பின்னர் பனி உருகியது. பாறைகள் வந்த இடத்திலேயே தங்கிவிட்டன.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கிண்ணத்தின் அடியில் மணலிட்டு, நீர் ஊற்றி உறைய வையுங்கள். அந்தப் பனிக்கட்டியின் மணல் பக்கத்தைச் சோப்புக் கட்டியின் மேல் அழுத்தித் தேயுங்கள். கீறல்கள் விழும். இத்தகைய கீறல்களைத் தரைப்பாறைகளில் கண்டுதான், பழைய பனியாறுகள் சென்ற திசையை அறிஞர்கள் கணித்தார்கள்.

கல்லும் மக்களும்

பனி உருகிப் பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகே ஒனைடா ஊர்கள் எழுந்தன. ஆகவே, கல் ஊரோடு வந்தது என்னும் கதையை அறிவியல் மெய்ப்பிக்கவில்லை. ஆனால், அக்கல் அம்மக்களுக்கு என்ன பொருள் தருகிறது என்பதை அளக்கவும் நம்மிடம் கருவி இல்லை.

சுமார் 60 லட்சம் ஏக்கராக இருந்த அவர்களது நிலம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 32 ஏக்கராகச் சுருங்கியது. ஒனைடாக் கல்லெனப் போற்றப்பட்ட பாறை ஒன்றும் 1849-இல் யூட்டிகா நகரக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, அதன் வாயிலில் காட்சிப் பொருளானது. 125 ஆண்டுகள் கழித்து, 1974-இல், அது ஒனைடா மக்களிடமே திரும்பி வந்தது. முதற்பயணத்துக்கு விசை தந்தது பனியாறு. இப்பயணத்துக்கு விசை தந்தது, கல்லை மறவாத மக்களின் மனவுறுதி.