குருபீடமும் கட்டாய மௌனமும்

குருவினிடத்தில் பக்தி செலுத்துவது நம் தேசத்தின் பழைய தர்மம். அதைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. ஆனால் அந்தப் பக்தியையே கருவியாகக் கொண்டு, நம்பி வந்தவர்களைக் கெடுக்கும் குருமார் எக்காலத்தும் தோன்றியிருக்கின்றனர். தீயவர் ஒருவர் இருவர் இருப்பது ஆச்சரியமன்று. அவர்களுடைய அக்கிரமம் ஆண்டுக்கணக்கில் வெளிவராமல் இருப்பது எவ்வாறு என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

இதற்கு விடை, பம்பாயில் 1862-ஆம் வருஷத்தில் நடந்த மகாராஜ் மானநஷ்ட வழக்கில் இருக்கிறது. வல்லபாசாரியார் ஸ்தாபித்த புஷ்டிமார்க்கத்தில், உடல், பொருள், மனம் மூன்றையும் கண்ணபிரானுக்கு அர்ப்பணம் செய்வதாகச் சீடர்கள் சங்கற்பம் செய்துகொள்வது வழக்கம். பகவானுக்குச் செய்த அர்ப்பணத்தை மகாராஜாக்கள் எனப்பட்ட குருமார் தமக்கே உரியதாக்கிக்கொண்டு, சீடர்களின் மனைவியரையும் பெண்களையும் கெடுக்கிறார்கள் என்று, 1860 அக்டோபர் 21 அன்று ‘ஸத்ய பிரகாஷ்’ என்னும் குஜராத்திப் பத்திரிகையில் கர்ஸன்தாஸ் மூல்ஜி எழுதினார். அவர் அந்நிய மதத்தவரல்லர். அதே சம்பிரதாயத்தைப் பின்பற்றிய குடும்பத்திற் பிறந்தவர். ஸூரத்தைச் சேர்ந்த ஜதுநாத்ஜி மகாராஜ் 50,000 ரூபாய் நஷ்ட ஈடு கோரி அவர்மீது வழக்குத் தொடுத்தார்.

உடனே நேர்ந்தது யாது? பாட்டியா ஜாதித் தலைவர்கள் கூட்டம் கூடி, மகாராஜுக்கு விரோதமாக ஜாதியார் எவரும் சாட்சி சொல்லலாகாதென்று கட்டுப்பாடு செய்ய முற்பட்டனர். கோர்ட்டார் அத்தலைவர்களையே சதிக் குற்றத்துக்காக அபராதம் விதித்துத் தண்டித்தனர். 1862 ஏப்ரல் 22 அன்று வெளியான தீர்ப்பில், கர்ஸன்தாஸ் எழுதியது மெய்யென்று ஸ்தாபிதமாயிற்று. ஒழுக்கத்துக்கு மாறானது மதத்தின் பெயரால் நியாயமாகிவிடாது என்ற கொள்கையை ஜட்ஜு ஸர் ஜோஸப் ஆர்னோல்ட் தெளிவாக எடுத்துரைத்தார். ஆயினும் அவ்வழக்கில் ஒரு பெருங்குறை உண்டு. கெடுக்கப்பட்ட ஸ்திரீகள் சாட்சிக் கூண்டேறவில்லை; அவர்களைப் பற்றி ஆடவரே பேசினர்.

அந்தக் குறையைத் தீர்க்க நூற்றைம்பது வருஷங்களுக்கு மேல் சென்றன. 2002-இல் ஹரியானாவிலுள்ள ஸிர்ஸா நகரத்து தேரா ஸச்சா ஸௌதாவைச் சேர்ந்த ஒரு பெண் துறவி, அதன் தலைவர் குர்மீத் ராம் ரஹீம் செய்த பலாத்காரத்தை விவரித்துப் பெயரிடாத கடிதம் ஒன்றைப் பிரதம மந்திரிக்கு எழுதினார். அதைப் பிரசுரித்த ‘பூரா ஸச்’ பத்திராதிபர் ராம் சந்தர் சத்ரபதி, அவ்வருஷமே சுடப்பட்டு உயிர்துறந்தார். ஆயினும் இரண்டு பெண்கள் நெடுங்காலம் தளராது நின்று சாட்சி சொன்னார்கள். 2017 ஆகஸ்டில் அத்தலைவர் குற்றவாளியெனத் தீர்ப்பாகி, 20 வருஷச் சிறைத் தண்டனை பெற்றார். தீர்ப்பு நாளன்று அவருடைய பக்தர்கள் விளைத்த கலகத்தில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தண்டனைக்குப் பின்னரும் அவர் பலமுறை பரோலில் வெளிவந்தார். ஒவ்வொரு முறையும் அப்பெண்களின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

தண்டனை ஒன்றினால் மட்டும் புண் ஆறிவிடாது. குருவினால் நேர்ந்த புண் மற்றப் புண்களைப் போன்றதன்று. துன்பம் வந்தால் எவரிடம் சென்று அழுவாளோ, அவரே துன்பம் செய்தவர். எந்தக் குடும்பம் அவளைக் காக்க வேண்டுமோ, அக்குடும்பமே அவருக்கு அடிமை. எந்தப் பிரார்த்தனை ஆறுதல் தருமோ, அதுவும் அவருடைய குரலிலேயே அவள் காதில் ஒலிக்கிறது. அமெரிக்க மனநோய் வைத்தியர் ஜூடித் ஹெர்மன் 1992-இல் வெளியிட்ட நூலில், இத்தகையோர் தேறுவதற்கு மூன்று படிகள் கூறியிருக்கிறார்: முதலாவது அபயம், இரண்டாவது நடந்ததைச் சொல்லித் துக்கத்தை ஆற்றிக்கொள்ளுதல், மூன்றாவது மீண்டும் மனிதரோடு கூடி வாழ்தல்.

இம்மூன்றும் அவள் ஒருத்தியால் ஆகுபவையல்ல. மடத்துக்கே உடைமையெல்லாம் கொடுத்துவிட்டு வெளியேறியவளுக்குத் தங்க இடமும் பிழைக்க வழியும் வேண்டும். குருவினால் நியமிக்கப்படாத நடுநிலையாளர் அவள் முறையீட்டைக் கேட்க வேண்டும். “மறந்துவிடு, மன்னித்துவிடு, சம்பிரதாயத்தின் மானத்தைக் காப்பாற்று” என்று உபதேசிக்க எவருக்கும் உரிமையில்லை. அவ்வாறே, தெய்வத்தையே விட்டுவிடு என்று அவளை வற்புறுத்துவதும் தகாது. தெய்வத்தை வைத்துக்கொள்வதும் விடுவதும் அவள் சுதந்திரம். ஒருமுறை பிறர் பறித்துக்கொண்ட அந்தச் சுதந்திரத்தை அவளிடம் திருப்பித் தருவதே சிகிச்சையின் சாரம்.

நம்பிக்கைக்குரிய பதவியில் இருப்பவர் செய்யும் பலாத்காரத்துக்குப் பத்து வருஷத்துக்குக் குறையாத கடுங்காவலைச் சட்டம் விதிக்கிறது. ஆனால் சட்டம் கோர்ட்டு வாசலில்தான் நிற்கும். அதுவரை அவள் நடந்து வர வேண்டுமே! அந்த வழியை அன்று பாட்டியா தலைவர்கள் அடைத்தார்கள். இன்று அடைப்பவர் நம்மில் எவர்? குருவின் பெருமையைக் காப்பதாக நினைத்துப் பெண்ணின் வாயை அடைக்கும் ஒவ்வொரு பக்தரும் அந்தக் கட்டுப்பாட்டில் கையெழுத்திடுகிறவரே. உண்மையான குருவுக்கு இத்தகைய காவல் வேண்டியதில்லை.