எந்தப் புகையிரதம்?

1920ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் நோர்போக் பகுதியில் கடலோரமாக அமைந்துள்ள ஷெரிங்கம் கொல்ஃப் திடலில், அந்நாட்டு மகளிருக்கான சம்பியன் போட்டி நடைபெற்றது. பணத்தை வேண்டாது, விளையாட்டின்பம் ஒன்றையே கருதி ஆடும் அமெச்சூர் வீராங்கனையர்க்குரிய போட்டி அது. இறுதி ஆட்டத்தில் எதிரெதிரே நின்ற இருவரையும் கண்டோர், முடிவைப்பற்றி ஐயங்கொள்ளக் காரணம் இருக்கவில்லை.

ஒருவர் செசில் லீச். வயது 29. பிரித்தானிய மகளிர் பட்டத்தை 1914இலும், மீண்டும் அதே 1920ஆம் ஆண்டிலும் வென்றவர். 1910இல் ஹரோல்ட் ஹில்டன் என்னும் பேர்பெற்ற ஆடவரை, இரண்டு துளைக்கு ஓர் அடி வீதம் சலுகை பெற்று ஆடி வென்று, நாடெங்கும் பேசப்பட்டவர். மற்றவர் ஜோய்ஸ் வெதரெட். வயது 18. தமையன் ரோஜருடன் ஆடி ஆட்டம் பழகியவர். தோழி ஒருத்தி போட்டிக்குச் செல்ல, அவளுக்குத் துணையாகவே தாமும் பெயரைப் பதிந்துகொண்டு வந்தவர்.

இவ்வாட்டத்தின் கணக்கை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும். ஒவ்வொரு துளையும் ஒரு தனிப் போர். குறைந்த அடிகளில் பந்தைத் துளையில் வீழ்த்துபவருக்கு அத்துளை சொந்தம். இறுதி ஆட்டத்துக்கு 36 துளைகள். எஞ்சியுள்ள துளைகளிலும் மிகுதியாக ஒருவர் முந்திவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிவுறும்.

20 துளைகள் முடிந்தபோது லீச் 6 துளைகள் முந்தி நின்றார். எஞ்சியவை 16. அனுபவம் மிக்கவரே மனந்தளரும் நிலை அது. ஆயின் வெதரெட், எதிரியின் பந்தைவிடுத்துத் தம் பந்திலேயே கண்ணை ஊன்றினார். இது சொல்லுதற்கு எளிது. பரீட்சை மண்டபத்திலே, அடுத்த மேசைக்காரன் மேலதிகத் தாள் கேட்டதும் பேனை நின்றுபோகும் கெட்டிக்கார மாணவரைப் பல ஆண்டுகளாகக் கண்டுவருகிறேன். ஒவ்வொரு துளையாக இடைவெளி குறைந்தது, சமமாயிற்று, பின்னர் இளநங்கை முந்தினார்.

ஷெரிங்கம் திடலை அடுத்துப் புகையிரதப் பாதை செல்கிறது. (பொரளையிலுள்ள கொழும்புக் கொல்ஃப் திடலின் ஊடே களனிவெளிப் பாதை செல்வதைக் கண்டவர்க்கு இது புதுமையன்று.) வெதரெட் ஆட்டத்தைத் தீர்க்கும் அடியை அடிக்கக் குனிந்த வேளையில், புகையிரதம் ஒன்று பேரிரைச்சலோடு கடந்ததாம். பந்து துளைக்குள் வீழ்ந்தது. "புகையிரதம் போகும்வரை பொறுத்திருக்கலாமே?" என்று பின்னர் எவரோ வினவ, "எந்தப் புகையிரதம்?" என்றாராம் அவர்.

இக்கதை பலர் வாயிற் பலவாறாக வழங்குகின்றது. கதை அழகியதே. எனினும், புகையிரதம் கடந்தது ஒரு கணம். அதற்கு முன் நிகழ்ந்ததே என் மனத்தில் நிற்கின்றது. 35ஆவது துளையில் ஆட்டம் முடிந்தபோது வெதரெட் 2 துளைகள் முந்தியிருந்தார். அதாவது, 6 துளைகள் பின்தங்கியவர், 15 துளைகளுக்குள் 8 துளைகளை மீட்டுவிட்டார்! தேசத்தின் முதல் வீராங்கனைக்கு எதிராக, மணிக்கணக்காக, ஒரு பதினெட்டு வயதுப் பெண் கட்டிக்காத்த மனவமைதி அது.

அதே பட்டத்தை அவர் 1924 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் தம்மிடமே வைத்திருந்தார். 1930இல் அவரோடு ஆடிய அமெரிக்க வீரர் பொபி ஜோன்ஸ், அவருக்கு இணையான ஆட்டக்காரரை, ஆடவரிலும், தாம் கண்டதில்லை என்ற கருத்துப்படப் புகழ்ந்தார்.

தோற்றவரை இக்கதை சொல்வோர் மறந்துவிடுகின்றனர், அது நியாயமன்று. 1921இல் டேர்ன்பெரியில் நடந்த பிரித்தானிய இறுதி ஆட்டத்தில் லீச் வெதரெட்டை வென்றார். அடுத்த ஆண்டு வெதரெட் வென்றார். 1925இல் டிரூன் திடலில் 36 துளைகளாலும் இருவரையும் பிரிக்க முடியவில்லை. 37ஆவது துளையிலேதான் வெதரெட்டுக்கு வெற்றி கிட்டியது. 1926இல் லீச் நான்காம் முறை பிரித்தானியப் பட்டம் சூடினார். போட்டிகளிலிருந்து ஒதுங்கியிருந்த வெதரெட், 1929இல் திரும்பி வந்து, தாமும் நான்காவது பட்டத்தை வென்று கணக்கைச் சரிசெய்தார்.