வங்கக் கடலில் கரையொதுங்கிய வேதாளர்

பொத்துவில் கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டுவது வங்காள விரிகுடா. உலகின் முதல் முகமூடிச் சாகச வீரர்களுள் ஒருவரின் கதையும் இந்தக் கடல் பக்கத்தில்தான் பிறந்தது. 1536-இல் கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள். உயிர் தப்பிய ஒரேயொரு இளைஞன் பெங்கல்லா என்ற கற்பனை நாட்டுக் கரையில் ஒதுங்குகிறான். தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்கிறான். அவன் வழி வந்த 21-ஆம் தலைமுறைதான் தமிழ் வாசகர் முத்து காமிக்ஸில் வேதாளர் என்றும், ராணி காமிக்ஸில் மாயாவி என்றும் படித்து வளர்ந்த 'ஃபேண்டம்'.

அமெரிக்கரான லீ ஃபால்க் 1936 பெப்ரவரி 17-இல் இந்தத் தொடரை நாளிதழில் தொடங்கினார். சூப்பர்மேன் வந்தது 1938-இல், பேட்மேன் 1939-இல். உடலோடு ஒட்டிய உடையும் கருவிழி தெரியாத முகமூடியும் அவர்களுக்கு முன்பே வேதாளருக்கு இருந்தன. பறக்கும் சக்தியோ இரும்புடலோ அவருக்குக் கிடையாது. தகப்பன் இறந்தால் மகன் அதே உடையை அணிவான். பார்ப்பவர்கள் அவருக்குச் சாவே இல்லை என்று நம்புவார்கள். அவ்வளவுதான் அவருடைய மந்திரம்.

அந்த உடையின் நிறமே ஒரு தற்செயல். ஃபால்க் மனத்தில் வைத்திருந்தது சாம்பல் நிறம். 1939-இல் ஞாயிறு வண்ணப் பக்கம் வெளிவந்தபோது அது ஊதாவாக அச்சாகிவிட்டது. சுவீடனில் நீலம், துருக்கியில் சிவப்பு என்று நாட்டுக்கு நாடு நிறம் மாறியது.

இந்தியாவில் மாறியது பெயர்கள். 1964-இல் டைம்ஸ் ஒஃப் இந்தியா குழுமம் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், வங்காளிகளை நினைவூட்டும் நாட்டுப் பெயரை 'டெங்காலி' ஆக்கியது. 'சிங்' என்ற கொள்ளையர் கூட்டம் 'சிங்கா' ஆனது. 20-ஆம் வேதாளரைக் கொன்ற 'ராமா' என்ற வில்லன் 'ராமலு' ஆனான்.

திரைக்கு வந்தபோதும் வேதாளர் அடிக்கடி மாறினார். 1943-இல் கொலம்பியா நிறுவனம் 15 பாகத் தொடர்படம் எடுத்தது. நாயகன் டொம் டைலர். அதில் வேதாளரின் இயற்பெயர் பிரெஸ்கொட் என்றிருந்தது. இன்று எல்லோரும் அறிந்த கிட் வோக்கர் என்ற பெயர் அப்போது நிலைபெற்றிருக்கவில்லை. 1968-இல் துருக்கியில் அவரை 'சிவப்பு முகமூடி' ஆக்கிப் படம் எடுத்தார்கள்.

ஹொலிவுட் பெருஞ்செலவில் எடுத்த படம் 1996-இல் வந்தது. அதில் வேதாளராக நடித்த பில்லி ஸேன், அவுஸ்திரேலியாவில் 'டெட் காம்' படப்பிடிப்பில் இருந்தபோது இந்தக் கொமிக்ஸுக்கு இரசிகரானவர். வேடத்துக்காக உடற்பயிற்சி செய்து உடலைக் கட்டமைத்துக்கொண்டார். கொள்ளையர் கூட்டத்தின் பெயரை அந்தப் படமும் 'செங்' என்று மாற்றியது. சுமார் 4.5 கோடி டொலர் செலவழித்த படம் அமெரிக்காவில் 1.7 கோடி அளவே வசூலித்தது.

அந்தப் படம் தோற்றாலும் புத்தகங்கள் தோற்கவில்லை. அவுஸ்திரேலியாவில் 1948 முதலும் சுவீடனில் 1950 முதலும் வேதாளருக்கென்றே இதழ்கள் வருகின்றன. பப்புவா நியூகினியின் வாகி பள்ளத்தாக்கில் போர்க் கேடயங்களிலேயே அவர் உருவத்தைத் தீட்டினார்கள்.

ஆனாலும் நம் வாசகரை உறுத்த வேண்டிய ஒன்று உண்டு. காட்டு மக்களைக் காக்க ஒரு வெள்ளைக்காரர் மண்டையோட்டு அரியணையில் அமர்ந்திருக்கும் காட்சி, குடியேற்றக் காலத்துக் கற்பனை. பறங்கியரின் ஆட்சியைப் பார்த்த நமக்கு அதை இலேசாகக் கடந்துபோக முடியாது. 1999-இல் இறக்கும்வரை கதை எழுதிய ஃபால்க்கும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. ஆசியாவில் இருந்த பெங்கல்லா பின்னாளில் ஆபிரிக்காவுக்கு இடம்பெயர்ந்து சுதந்திர சனநாயக நாடானது. லமாண்டா லுவாகா என்ற கறுப்பின மருத்துவர் அதன் சனாதிபதியாகி, வேதாளரின் நண்பருமானார்.

1996 படமோ கதையை மீண்டும் 1938-க்கே கொண்டுபோனது. லுவாகாவுக்கு அதில் இடமில்லை. இனியொரு படம் எடுப்பவர்கள் லுவாகாவின் பெங்கல்லாவிலிருந்து தொடங்கட்டும்.