பேச வந்த பெண்ணும் கேட்க வரும் ஊரும்

எங்கள் ஊர்க் கூட்டங்களில் கதிரைகளை நிரப்புபவர்கள் பெரும்பாலும் பெண்களே. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் பாடசாலைக் கூட்டத்திலும் இதைக் காணலாம். ஆனால் ஒலிவாங்கி அவர்களின் கைக்கு வருவது அரிது. வீட்டுத்திட்டப் பட்டியலில் யாருடைய பெயர் சேரும், எந்த ஒழுங்கை முதலில் திருத்தப்படும் என்பவை பேசுபவர்களை வைத்தே முடிவாகின்றன. பேசாதிருந்தவரின் தேவை பதிவேட்டில் ஏறுவதில்லை. கணவனை இழந்து அல்லது காணாமல் தேடிக்கொண்டு தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்ணுக்கு இது சிறிய இழப்பல்ல.

பெண்கள் பொது இடத்தில் பேசுவது எமக்குப் புதிதுமல்ல. 1984இல் கைதான இளைஞர்களின் விடுதலை கேட்டு யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி வீதியில் இறங்கியது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அதே ஆண்டு கேப்பாப்புலவில் பிலவுக்குடியிருப்புப் பெண்கள் தம் காணிக்காக முகாமின் வாசலில் இரவும் பகலும் இருந்தனர். மார்ச் மாதத்தில் ஒரு பகுதிக் காணி விடுவிக்கப்பட்டது. மேடைப்பேச்சுப் பயிற்சி பெற்றுக்கொண்டு வந்து அமர்ந்தவர்களல்லர் இவர்கள். தமக்கு நன்கு தெரிந்த ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதனால் கேட்பவர்கள் சேர்ந்தார்கள்.

முதலில் கேட்பவர்கள் யார்?

புதிதாகப் பேச வரும் பெண் பெரிய மேடையைத் தேட வேண்டியதில்லை. சிறுசேமிப்புக் குழுவில் இருக்கும் ஐந்து பேரும் முன்பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மாரும் போதும். அவர்கள் முன் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். எந்த இடத்தில் தலையாட்டினார்கள், எந்த இடத்தில் பக்கத்தில் கதைக்கத் தொடங்கினார்கள் என்று கவனியுங்கள். பிறகு அவர்களிடமே, "எது விளங்கேல்லை அக்கா?" என்று கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு உங்களை அழைத்துப் போகிறவர்களும் இவர்களாகவே இருப்பார்கள்.

ஒரு விடயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் பற்றிப் பேசுபவரை எதற்கு அழைப்பது என்று ஊருக்குத் தெரியாது. காணி உறுதி, நுண்கடன், குடிநீர் என ஒன்றைத் தெரிந்தெடுத்து அதை ஆழமாக அறியுங்கள். "காணி விசயமெண்டா அந்த அக்காவைக் கேளுங்கோ" என்று நாலு பேர் சொல்லத் தொடங்குவதை விடப் பெரிய விளம்பரம் இல்லை.

தகவலைத் தேட 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். பிரதேச சபையிலோ பிரதேச செயலகத்திலோ தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்டால், தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். கையில் அந்தக் கடிதத்துடன் எழுந்து நிற்பவரின் பேச்சை யாரும் இலகுவில் தட்டிவிட முடியாது.

பெயரைச் சொல்ல வெட்கம் வேண்டாம்

"இவ ஏன் முன்னுக்கு வாறா?" என்ற கதை வரத்தான் செய்யும். தன்னை அறிமுகம் செய்வதைத் தற்புகழ்ச்சி என்று நினைத்தே பல பெண்கள் பின்வாங்குகிறார்கள். செய்யாததைச் செய்தேன் என்பதுதான் தற்புகழ்ச்சி. பெயர், கிராமம், எதைப் பற்றிப் பேச வந்தேன் என்ற மூன்றையும் முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். கூட்டத்துக்கு முன்னரே தலைவரிடமோ செயலாளரிடமோ, "எனக்கு ஐந்து நிமிடம் தாருங்கள்" என்று கேட்டு நிகழ்ச்சி நிரலில் பெயரைச் சேர்ப்பியுங்கள். மார்ச் 8 மகளிர் தினத்துக்கு அயற்கிராமச் சங்கங்கள் பேச்சாளரைத் தேடும். அவர்கள் தேடி வரும்வரை இராமல் ஒரு மாதம் முன்னதாகவே போய்ச் சொல்லி வையுங்கள். தூர இடத்துக்கு அழைத்தால் பஸ் காசு கேட்பதில் தவறில்லை.

பேசிய பின்

கூட்டம் முடிந்ததும் உடனே வீட்டுக்கு ஓடாதீர்கள். மேடையில் கேட்கத் தயங்கிய பெண் பந்தலடியில்தான் வாய் திறப்பாள். அவளது கேள்வியைக் கொப்பியில் குறித்து அடுத்த முறை பதிலுடன் போங்கள். சொன்னபடி பதில் கொண்டுவருபவரையே ஊர் மீண்டும் கேட்கும்.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். இன்னொரு பெண்ணின் துயரத்தை அவளது சம்மதமின்றி மேடையில் சொல்ல வேண்டாம். பெயரை மறைத்தாலும் சிறிய ஊரில் ஆள் தெரிந்துவிடும். உங்கள் சொந்தக் கதையிலும் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் முடிவு. கைத்தொலைபேசியில் படம் பிடிப்பவரிடம் அதை எங்கே போடப்போகிறார் என்று கேட்கும் உரிமையும் உங்களுக்குண்டு.

2018 தேர்தலுக்கு முன் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேரளவிலேயே இருந்தனர். அந்தத் தேர்தலிலிருந்து நூற்றுக்கு 25 இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்த இடங்களுக்கு ஆள் தேடும்போது ஊருக்குத் தெரிந்த பெண்ணின் பெயரே முதலில் நினைவுக்கு வரும். சபைக்குப் போகும் எண்ணம் இல்லாவிட்டாலும், அங்கே எமது தேவையை எடுத்துச் சொல்ல எமக்கு ஆள் வேண்டும். இந்த மாதக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள்.